23-ஐ விட்டுக்கொடுத்த எண்

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இலக்கத்தில் எழுதினால் 2,93,31,86,25,600. பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணுக்குக் கணித உலகில் ஒரு தனிப் பெயர் கிடையாது. ராமானுஜன் கண்ணுக்குத் தப்பிய எண் என்பதுதான் அதன் அடையாளம்.

1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் நீண்ட கட்டுரை ஒன்று வெளிவந்தது. 347-ஆம் பக்கத்தில் தொடங்கி 409-ஆம் பக்கம் வரை ஓடும். அதில் ஒரு பட்டியல்: 2-இல் தொடங்கி 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800-இல் முடியும் 102 எண்கள். அந்த எல்லைக்குள் இருக்கவேண்டியவை 103. தொண்ணூறாவது இடத்தில் வந்திருக்கவேண்டியது நம்முடைய எண். அது இல்லாமலே பட்டியல் அச்சேறிவிட்டது.

என்ன பட்டியல் அது? 12-ஐ எடுத்துக்கொள்வோம். 1, 2, 3, 4, 6, 12 என்று அதற்கு ஆறு காரணிகள். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. 24-க்கு எட்டு, 36-க்கு ஒன்பது, 48-க்குப் பத்து, 60-க்குப் பன்னிரண்டு. இப்படித் தனக்கு முன்னால் உள்ள அத்தனை எண்களையும் காரணிக் கணக்கில் மிஞ்சுகிற எண்ணை ‘மிகு பகு எண்’ என்று சொல்லலாம். பாடநூலில் வரும் பகு எண்ணின் உச்சம். பகா எண் யாருக்கும் பங்கு தராத கஞ்சன் என்றால், இது அதற்கு நேர் எதிர்க்கோடி. 12 ராசி, 24 மணி, 60 நாழிகை, 360 பாகை எல்லாம் இந்த வரிசையில் வருபவைதான். பங்கு போட்டால் மிச்சம் விழாத எண்ணைத் தேடிப் பிடிக்கும் பழக்கம் மனிதருக்கு ராமானுஜனுக்கு மிக முன்பே உண்டு. அவர் செய்தது, அந்தத் தேடலுக்கு விதி கண்டது.

நம் எண்ணைப் பிரித்துப் பார்த்தால் வருவது இது:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

முதல் நான்கும் இரட்டைப்படை அடுக்குகள். அவற்றை மட்டும் பெருக்கினால் ஒரு முழு வர்க்கம் கிடைக்கிறது: 2520-இன் வர்க்கம். 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 2520. மீதமிருக்கும் 11, 13, 17, 19 ஆகியவை பத்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட பகா எண்கள் அத்தனையும், பெருக்கினால் 46,189. ஆக, இந்தப் பெரிய எண் என்பது 2520 × 2520 × 46,189. அவ்வளவுதான். ஒரு பழைய நோட்டில் போட்டுப் பார்த்தேன். கடைசி இலக்கம் வரை சரியாக வந்தது.

இப்போது 1-ஆல் வகுக்கலாம், 2-ஆல் வகுக்கலாம், 3, 4, 5 என்று வரிசையாகப் போகலாம். 22 வரை எங்கும் மிச்சம் விழாது. 23-இல்தான் முதன்முதலாக இடறும். இந்த 23-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். (நம் பழைய பின்னக் கணக்கில் இதை முந்திரி வரை, அதாவது 320-இல் ஒரு பங்கு வரை, உடைக்காமல் பிரிக்கலாம். கீழ்முந்திரி, 1,02,400-இல் ஒன்று. அதற்கு இரண்டுகள் போதவில்லை.)

காரணிகளை எண்ணுவதற்கு அவற்றை எழுதிப் பார்க்கவேண்டியதில்லை. ஒரு காரணியை உருவாக்க, ஆறு இரண்டுகளிலிருந்து எத்தனை எடுப்பது என்று முடிவு செய்யவேண்டும்: ஒன்றும் எடுக்காமல் விடுவது முதல் ஆறையும் எடுப்பது வரை 7 வழிகள். மூன்றுகளில் 5 வழி, ஐந்தில் 3, ஏழில் 3, மற்ற நான்கிலும் எடு அல்லது விடு என்று இரண்டிரண்டு. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இந்த அளவிலான ஓர் எண்ணுக்கு எத்தனை காரணிகள் எதிர்பார்க்கலாம்? 1 முதல் நம் எண் வரை உள்ள எல்லா எண்களையும் எடுத்துச் சராசரி கண்டால் 26-க்கும் 27-க்கும் இடையில் வரும். அந்தச் சராசரியே ஒருசில வள்ளல்களால் ஏறியது. பெரும்பாலான எண்களுக்கு அதைவிடக் குறைவுதான். அந்தக் கூட்டத்தில் இவருக்கு ஐயாயிரத்து நாற்பது.

காரணிகள் ஜோடி ஜோடியாக வரும். ஒன்றைச் சொன்னால் அதைப் பெருக்கி முழு எண்ணைத் தரும் துணை ஒன்று உண்டு. நம் எண் முழு வர்க்கம் இல்லை என்பதால் தனக்குத் தானே துணையாகும் காரணி கிடையாது. எனவே இதை இரண்டு எண்களின் பெருக்கலாக எழுதும் வழிகள் 5040-இல் பாதி: 2520. வர்க்கமாக உள்ளே ஒளிந்திருந்த அதே 2520. இது தற்செயல்தான், ஆழமான காரணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் தாளில் அந்த விடை விழுந்தபோது ஒரு கணம் பேனாவைக் கீழே வைத்தேன்.

இனி விதிக்கு வருவோம். காரணிகளைப் பெருக்குவதைச் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவதுபோல நினைக்கலாம். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அதன் அளவே விலை. முதல் 2-ஐ வாங்கினால் காரணிகள் இரட்டிக்கும். இரண்டாவது 2 ஒன்றரை மடங்குதான் ஆக்கும். மூன்றாவது, மூன்றுக்கு நான்கு. ஏழாவது 2-ஐ வாங்குபவருக்கு ஏழுக்கு எட்டு என்ற அற்ப லாபம். எனவே எல்லாப் பணத்தையும் 2-இல் கொட்டுவது வீண். புதுப் பகா எண் ஒவ்வொன்றும் கணக்கை நேராக இரட்டிக்கும். ஆனால் விலை ஏறிக்கொண்டே போகும். கொடுத்த காசுக்கு அதிகக் காரணி வாங்கும் கலைதான் மிகு பகு எண்.

இதிலிருந்து சில விதிகள் எளிதில் விழும். சிறிய பகா எண்ணைவிடப் பெரியதற்கு அதிக அடுக்கு இருக்க முடியாது. இருந்தால் இரண்டையும் இடம் மாற்றினாலே அதே காரணிகளோடு சின்ன எண் கிடைத்துவிடும். இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபட முடியாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் ஒன்றுதான், 4, 36 என்ற இரண்டைத் தவிர. இந்தக் கடைசி விதியை நிறுவுவது மட்டும் அத்தனை எளிதல்ல, ராமானுஜன் நிறுவினார்.

மிகு பகு எண்களுக்குள்ளும் ஒரு மேல்தட்டு இருக்கிறது. அதையும் பிரித்தெடுத்தவர் ராமானுஜனே. 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040 என்று போகும் இவை ஒவ்வொன்றும் முந்தையதை ஒரே ஒரு பகா எண்ணால் பெருக்கினால் வருபவை. பெருக்கும் எண்களை வரிசையாக எழுதினால் 2, 3, 2, 5, 2, 3, 7, 2, 11, 13, 2, 3, 5, 17, 19, 2, 23, 7, 29, 3 என்று ஒரு சீரான கியூ. யார் எப்போது உள்ளே வரவேண்டும் என்பதை ஒரு சூத்திரம் தீர்மானிக்கிறது. கியூவில் யாரும் முந்த முடியாது. 23 உள்ளே வந்ததும் கிடைப்பது 32,125 கோடியே 37 லட்சத்து 32 ஆயிரத்து 800. நம் எண்ணுக்கு அடுத்தபடியாக நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர் இவர்தான். இவருக்குக் காரணிகள் 5376.

மேல்தட்டுக்கு வெளியே இருக்கும் மிகு பகு எண்களுக்கு இந்தக் கியூ ஒழுங்கு பொருந்தாது. நம் எண் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். பக்கத்து வீட்டு எண்ணிலிருந்து 23-ஐ வெளியே எடுக்கிறோம். காரணிகள் பாதியாகிவிடும்: 2688. அந்த இடத்தில் ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் வைக்கிறோம். 3-இன் அடுக்கு மூன்றிலிருந்து நான்காகிறது. காரணிகள் நான்குக்கு ஐந்தாகி 3360. 7-இன் அடுக்கு ஒன்றிலிருந்து இரண்டாகிறது. ஒன்றரை மடங்காகி 5040. 23 ரூபாய்ச் சரக்கைக் கொடுத்துவிட்டு 21 ரூபாய்ச் சரக்கு வாங்கியிருக்கிறோம். 23 கொடுத்தது இரண்டு மடங்கு. 21 கொடுப்பது 1.875 மடங்கு. நட்டம்தான். ஆனால் எண்ணும் அதே கையோடு 8.7 சதவீதம் சிறுத்துவிட்டது. இவ்வளவு விலைக்குள் 5040 காரணிகளை எட்டுகிற எண் வேறு எதுவும் இல்லை. அதனால் பட்டியலில் இடம் உறுதி. கியூவில் 23-க்குப் பின்னால் நிற்கவேண்டிய 7-உம் 3-உம் முன்னால் நுழைந்து, அதை வெளியே தள்ளிவிட்டன.

இனி, இது எப்படி விடுபட்டது? ராமானுஜன் அதைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. நான் சொல்வது ஊகம். ஆனால் பட்டியலையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

23 என்ற பகா எண் முதன்முதலாகத் தலைகாட்டுவது 6,425 கோடியே 7 லட்சத்து 46 ஆயிரத்து 560-இல். அதற்கு அடுத்த எண்ணில் 23 இல்லை. அதற்கடுத்ததில் இருக்கிறது. பிறகு இல்லை, இருக்கிறது, இல்லை, இருக்கிறது என்று மாறி மாறி வருகிறது. மூன்று முறை போய் மூன்று முறை திரும்பிய பிறகு, முதல் தடவையாக அடுத்தடுத்த இரண்டு எண்களில் 23 உட்கார்ந்துவிடுகிறது. கணக்குப் போடுபவர் ‘சரி, இனி 23 நிலைத்துவிட்டது’ என்று மூச்சு விடும் இடம். அங்கேதான் நம் எண் வருகிறது, 23 இல்லாமல், நான்காவதும் கடைசியுமான தடவையாக. அதற்குப் பிறகு பட்டியல் முடியும் வரை 23 இல்லாத எண் ஒன்றுகூட இல்லை.

அந்த 23 இல்லாத முதல் மூன்று எண்கள் எவை? 7,332 கோடியே 96 லட்சத்து 56 ஆயிரத்து 400. 9,777 கோடியே 28 லட்சத்து 75 ஆயிரத்து 200. 14,665 கோடியே 93 லட்சத்து 12 ஆயிரத்து 800. நம் எண்ணை நான்கால், மூன்றால், இரண்டால் வகுத்துப் பாருங்கள். இதே மூன்றும் வரும். கால் பங்கையும் மூன்றில் ஒரு பங்கையும் அரைப் பங்கையும் ராமானுஜன் பிடித்துப் பட்டியலில் போட்டுவிட்டார். முழுசு தப்பிவிட்டது.

விடுபட்ட இடம் வடுவும் காட்டவில்லை. நம் எண் இல்லாவிட்டால், முன்னுள்ள 24,094 கோடியே 2 லட்சத்து 99 ஆயிரத்து 600-க்கும் பின்னுள்ளதற்கும் விகிதம் மூன்றுக்கு நான்கு. அதன் அக்கம்பக்கத்திலேயே இரண்டுக்கு மூன்று என்ற அதைவிடப் பெரிய இடைவெளிகள் மூன்று இருக்கின்றன. எங்கோ பல் விழுந்திருக்கிறது என்று அச்சுப்படி பார்ப்பவருக்குச் சந்தேகம் தட்ட வழியில்லை.

இன்று இது சில விநாடி வேலை. பத்துப் பதினைந்து வரி நிரல் எழுதினால் கணினி துப்பிவிடும். ராமானுஜன் 1914 மார்ச் 17-இல் சென்னையில் கப்பல் ஏறி ஏப்ரலில் லண்டன் சேர்ந்தவர். ஆகஸ்டில் போர் வெடித்தது. சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் கணக்கு எழுதிய அந்தக் கை, கேம்பிரிட்ஜில் பன்னிரண்டு, பதின்மூன்று இலக்க எண்களை அடுக்கடுக்காக ஒப்பிட்டிருக்கிறது. 103-இல் ஒன்று போனது குறையா, 102 அகப்பட்டது அதிசயமா என்று கேட்டால், எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அதை வைத்துப் பிழையை மூடி மறைக்கவும் வேண்டாம். ராமானுஜனை அருள் வந்து விடை சொன்னவராக மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு, அவர் சரிபார்த்து, விட்டுப்போய், உழைத்த மனிதர் என்று இந்த ஒரு வெற்றிடம் காட்டுகிறது.

1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்தக் கட்டுரையை வைத்துத்தான். அங்கே அவருக்கு வழிகாட்டிய கணிதவியலாளர் ஹார்டிக்கு இதன் மேல் மதிப்பு இருந்தது. ஆனால் கணித ஆய்வின் பிரதான ஓடைகளிலிருந்து ஒதுங்கி நிற்கும் வேலை என்றும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய அறிக்கையில் சொன்னார். ஹார்டியின் இந்தக் கணிப்பு தவறிப்போனது என்பது என் எண்ணம். 1944-இல் கணிதவியலாளர் எர்டிஷ் இந்த எண்கள் எவ்வளவு அடர்த்தியாக வரும் என்ற கேள்வியை ராமானுஜன் விட்ட இடத்திலிருந்து எடுத்து முன்னே கொண்டுபோனார். பிறகு பிரான்சில் நிக்கோலா அதற்கு மேல்வரம்பு கண்டார். ஆனால் பெரிய கதை வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு நம் எண்ணின் காரணிக் கணக்கான 5040-ஐப் பிடித்துக்கொண்டு போகவேண்டும்.

5040 தானும் ஒரு மிகு பகு எண். அதற்குக் காரணிகள் 60. 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4, 4-க்கு 3. நான்கு வரை எல்லாமே மிகு பகு எண்கள். காரணிகளின் எண்ணிக்கைக்கே காரணிகளை எண்ணும் இந்த விளையாட்டை ராமானுஜனும் அந்தக் கட்டுரையில் தொட்டிருக்கிறார். 5040-இன் புகழோ இன்னும் பழையது. பிளேட்டோ ‘சட்டங்கள்’ என்ற நூலில் தன் கற்பனை நகருக்கு 5040 குடும்பத் தலைவர்களை வகுத்தார். நிலத்தையும் வரியையும் படையையும் எப்படிப் பிரித்தாலும் சரியாக வரவேண்டும் என்பது நோக்கம். 1 முதல் 12 வரை 11-ஆல் மட்டும்தான் வகுபடாது. இரண்டு பேரைக் கழித்துவிட்டால் அதுவும் வகுபடும் என்று அவர் சமாதானம் சொல்கிறார். 5038-ஐ 11-ஆல் வகுத்துப் பாருங்கள், 458.

காரணிகளை எண்ணுவதற்குப் பதிலாகக் கூட்டினால்? 5040-இன் காரணிகளின் கூட்டுத்தொகை 19,344, எண்ணைப்போல 3.8381 மடங்கு. இந்த மடங்கு எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, அதற்கு மறுபடியும் மடக்கை எடுத்து, 1.78107-ஆல் பெருக்கவேண்டும். 5040-க்கு அது 3.8169. ஆக 5040 கோட்டைத் தாண்டிவிட்டது. நம் எண்ணின் காரணிகளைக் கூட்டினால் 1,64,224 கோடியே 30 லட்சத்து 14 ஆயிரத்து 720, மடங்கு 5.5988, கோடு 5.8304. தாண்டவில்லை.

1984-இல் கீ ரோபான் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் நிறுவியது இது: 5040-க்கு மேற்பட்ட எந்த எண்ணும் இந்தக் கோட்டைத் தாண்டாது என்றால் ரீமன் கருதுகோள் மெய், ரீமன் கருதுகோள் மெய் என்றால் எதுவும் தாண்டாது. கணிதத்தின் மிகப் பெரிய தீராத கேள்வியைக் காரணிகளைக் கூட்டும் பள்ளிக்கூடக் கணக்காக ஆக்கிவிட்டார். அந்தத் திசையில் முதல் அடி வைத்தது யார் என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1915-இல் லண்டன் கணிதக் கழகம் பணமுடையில் இருந்தது. செலவைக் குறைக்க ராமானுஜன் தன் கட்டுரையின் பிற்பகுதியை அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார். கையெழுத்தாகவே கிடந்த அந்தப் பக்கங்கள் 1988-இல் அவருடைய ‘தொலைந்த நோட்டு’ வெளியானபோது அதனுடன் அச்சேறின. 1997-இல் நிக்கோலாவும் ரோபானும் குறிப்புகளுடன் பதிப்பித்தார்கள். ரீமன் கருதுகோளை மெய்யென்று வைத்துக்கொண்டு, காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு உயரலாம் என்பதை ராமானுஜன் அதில் கணக்கிட்டிருந்தார். பிரதான ஓடை அவர் நிறுத்திக்கொண்ட பக்கங்களில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

மறுபடி அந்தப் பட்டியலுக்கு. அதன் கடைசி வரி 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. காரணிகள் 10,080. பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. அந்த 23-ஐ மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் பெருக்கிப் பாருங்கள்: 2,93,31,86,25,600.